அருமண் குளோரைடு

சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் உப்பு. ஓர் உலோக அணுவுக்கு மூன்று குளோரின் அணுக்கள் என்பது இதன் வழக்கமான அமைப்பு. தொழிலில் பெரும்பாலும் பல உலோகங்களின் கலவையாகவே புழங்குகிறது.

இந்தியாவில் இதன் கதை அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தொடங்குகிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். விரைவிலேயே அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. அன்றைய வணிகர்கள் தேடியது காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்கான தோரியத்தை. மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்; பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடுகள். ஆனாலும் அந்தப் பெரும்பங்கை அன்று யாரும் பெரிதாக மதிக்கவில்லை. மேண்டில் பளிச்சென்று ஒளிரக் காரணமே அதில் கலந்த ஒரு சதவீதச் சீரியம் ஆக்சைடுதான் என்பதை நினைத்தால் இது வியப்பளிக்கிறது.

1950-இல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது. 1952-இல் கேரளத்தின் ஆலுவாவில் அதன் ஆலை தொடங்கியது. அங்கே பொடித்த மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைப்பார்கள். பாஸ்பேட் கரைந்து பிரியும். எஞ்சும் ஹைட்ராக்சைடுகளை அளவறிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் அருமண் கரையும், தோரியம் அடியில் தங்கும். கரைசலில் ரேடியமும் ஈயமும் இருக்கும். பேரியம் சல்பேட்டோடு ரேடியத்தையும், சல்பைடாக ஈயத்தையும் வீழ்படிய வைக்க வேண்டும். கதிரியக்கத்தை அகற்றும் இந்தக் கட்டம்தான் முழுச் செய்முறையின் உயிர்நிலை. பிறகு கரைசலைச் சுண்ட வைத்தால் நீரேறிய கலவைக் குளோரைடு கிடைக்கும்.

அதிலுள்ள நீரை வெறும் சூட்டால் விரட்ட முடியாது. சூடேறினால் நீர் குளோரைடையே தாக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியேற்றி, ஆக்சிகுளோரைடாக மாற்றிவிடும். அம்மோனியம் குளோரைடு சேர்த்துச் சூடாக்குவது இதற்குப் பழைய மாற்று. நீரற்ற குளோரைடை உருக்கி மின்னாற்பகுத்தால் மிஷ்மெட்டல் என்னும் கலவை உலோகம் வரும். லைட்டர் கல் அதிலிருந்து செய்யப்படுகிறது. 1960-களில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு வினையூக்கிகளுக்கும் இந்தக் குளோரைடு தேவைப்பட்டது. 1978-இல் லூஷ் என்ற பிரெஞ்சு வேதியியலர் நீரேறிய சீரியம் குளோரைடையே கரிம வேதியியலில் பயனுள்ள துணைப்பொருளாக்கினார்.

ஆலுவாவில் மோனசைட்டைப் பதப்படுத்துவது 2004-இல் நின்றது. இன்று ஒடிசாவின் சத்ரபூரிலுள்ள அதே நிறுவனத்தின் ஆலை கலவைக் குளோரைடைத் தயாரிக்கிறது. அது ஆலுவாவுக்கு வந்து, கரைப்பான் பிரிப்பு முறையில் தனித்தனி உலோகச் சேர்மங்களாகிறது.