இழுத்துக்கொண்டு போவது

ட்ராஃபிக் என்றதும் நமக்கு நெரிசல்தான் ஞாபகம் வரும். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு வணிகம் என்றுதான் பொருள். லாத்விய மொழியில் போக்குவரத்துக்கு 'சத்திக்ஸ்மெ' என்று பெயர். சந்திப்பது என்ற வினையிலிருந்து வந்தது. ஆங்கிலம் சரக்கைப் பார்த்திருக்கிறது, லாத்வியம் எதிரே வருகிற ஆளைப் பார்த்திருக்கிறது!

ரயில் விஷயம் இன்னும் சுவாரசியம். லாத்வியத்தில் ரயில் 'வில்சியென்ஸ்'. 'வில்க்த்' என்றால் இழு. ஆங்கில ட்ரெய்னுக்கும் இழுத்தல்தான் வேர். பிரெஞ்சு வழியாக வந்ததால் அது ஆங்கிலக்காரர் காதில் விழாது. லாத்வியர் காதில் விழும். தண்டவாளப் பாதைக்கு அவர்கள் சொல்வது இரும்பு, பாதை இரண்டையும் சேர்த்த சொல். அட, நம்ம இருப்புப்பாதை!

சாதாரண விஷயம்தானே என்று தோன்றலாம். காலத்தைப் பாருங்கள். ரீகாவிலிருந்து இன்றைய டௌகவ்பில்ஸுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1861இல். ரஷ்யப் பேரரசின் காலம்; ரீகாவில் அதிகாரம் ஜெர்மானியர் கையில். டௌகவ்பில்ஸ் பக்கம் பண்ணையடிமை முறை ஒழிந்ததே அதே வருஷம்தான். படிப்பு என்றால் ஜெர்மன். லாத்வியம் குடியானவன் பேச்சு, அதுல பெரிய விஷயமெல்லாம் சொல்ல முடியாது என்று மேட்டுக்குடியில் பலர் நினைத்தார்கள். முடியும் என்று காட்டத்தான் யூரிஸ் அலுனான்ஸ் 1856இல் பிறமொழிக் கவிதைகளை லாத்வியத்தில் பெயர்த்து வெளியிட்டார். புதுச் சொற்களும் உண்டாக்கினார். கவிதைக்குப் போதுமான மொழி ரயிலுக்கும் போதுமானதாக இருந்தது. குதிரை வண்டி இழுப்பதற்குச் சொன்ன வினையே எஞ்சினுக்கும் வந்துவிட்டது.

ட்ராம் மட்டும் தப்பித்துக்கொண்டது. இன்றைக்கும் அது 'ட்ராம்வய்ஸ்'தான்.