பெங்களூரில் உருவான நகரத் தமிழ்: சுஜாதாவின் வாழ்வும் நாவல் நடையும்

முன்னுரை

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879ஆம் ஆண்டில் அச்சேறியபோது தமிழ் நாவலின் வரலாறு தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம் சிற்றூரும் அக்கிரகாரமும் ஆற்றங்கரையுமே தமிழ் நாவலின் முதன்மையான களங்களாக விளங்கின. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்நிலை மாறியது. ஜெயகாந்தனும் அசோகமித்திரனும் சென்னை வாழ்வை எழுதினர். இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் தில்லியில் வாழ்ந்த தமிழரை எழுதினர். இவ்வரிசையில் மிகுதியான வாசகரைப் பெற்றவர் சுஜாதா என்னும் புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் ஆவார்.

சுஜாதா தம் எழுத்து வாழ்வின் வளமான ஆண்டுகளைத் தமிழகத்திற்கு வெளியே, பெங்களூரில் கழித்தார். ஒரு மொழியின் நகர உரைநடை, அம்மொழி ஆட்சிமொழியாக இல்லாத நகரம் ஒன்றிலிருந்து எழுதப்பட்டு அம்மொழி மாநிலம் முழுவதும் பரவியது மொழியியலார் கருதத்தக்க செய்தியாகும். அவருடைய வாழ்க்கையை இப்பின்னணியில் வைத்து நோக்குவதும், அவர் கையாண்ட நடையின் கூறுகளை வகைப்படுத்துவதும், அவை மொழிபெயர்ப்பில் தோற்றுவிக்கும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

வாழ்க்கைப் பின்னணி

ரங்கராஜன் 1935ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தையாரின் பணி பல ஊர்களுக்கு மாற்றலுடையதாக இருந்தமையால் திருவரங்கத்தில் பாட்டியாரின் பாதுகாப்பில் வளர்ந்தார். பள்ளிக் கல்விக்குப்பின் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியலும், சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியலும் பயின்றார். நடுவண் அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்து தில்லி முதலிய இடங்களில் பணியாற்றினார். பின்னர் பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்து, பணி ஓய்வு வரை அங்கேயே இருந்தார். அதன்பின் சென்னையில் வாழ்ந்து, 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் மறைந்தார்.

திருச்சியில் திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ இதழில் 1953ஆம் ஆண்டில் அவருடைய முதல் கதை வெளிவந்தது. 1960களில் குமுதம் இதழில் எழுதத் தொடங்கியபோது, அவ்விதழில் ரா. கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் முன்னரே புகழ்பெற்றிருந்தார். பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கத் தம் மனைவியாரின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். 1968ஆம் ஆண்டில் குமுதத்தில் தொடராக வந்த ‘நைலான் கயிறு’ அவருடைய முதல் நாவல். கணேஷ் என்னும் வழக்கறிஞர் பாத்திரம் அதில் அறிமுகமாயிற்று. ‘ப்ரியா’ நாவல் முதலாக வஸந்த் என்னும் இளைய வழக்கறிஞர் அவருடன் இணைந்தார்.

வெகுமக்கள் இதழ்களில் தொடர்கதை எழுதிய அதே காலத்தில், கஸ்தூரிரங்கன் 1965ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கிய கணையாழி என்னும் சிற்றிதழின் கடைசிப் பக்கத்தில், ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்னும் பெயரில் இலக்கியக் குறிப்புகளும் எழுதிவந்தார். ஒருவரே இருவகை வாசகருக்கு இருவகைப் பெயர்களில் எழுதியமை, அக்காலத் தமிழ் இதழுலகின் பிரிவினையை விளக்கும் சான்றாகும்.

பெங்களூரும் தமிழும்

பெங்களூரில் தமிழ் பேசுவோரின் இருப்பு மிகப் பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் பகுதியை ஒட்டிப் பெருந்தொகையான தமிழர் குடியேறினர். அல்சூர், சிவாஜி நகர் முதலிய பகுதிகள் இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகும். 1949ஆம் ஆண்டில் தண்டும் பழைய நகரும் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன.

விடுதலைக்கு முன்னும் பின்னும் தோன்றிய பொதுத்துறை நிறுவனங்கள் வேறு வகைத் தமிழரை இந்நகருக்குக் கொணர்ந்தன. 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தொடங்கப்பெற்றன. இவற்றின் குடியிருப்புகளில் வாழ்ந்த பொறியாளர்கள் வீட்டில் தமிழும், அலுவலகத்தில் ஆங்கிலமும், தெருவில் கன்னடமும் வழங்கினர். சுஜாதா இப்பிரிவைச் சார்ந்தவர்.

பெங்களூர்த் தமிழரின் வாழ்வு அவருடைய பெயர்பெற்ற நாவல்களின் மையப்பொருளாக அமையவில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. ‘நைலான் கயிறு’ காலத்தில் தில்லியில் வழக்காடிய கணேஷ், பின்னர்ச் சென்னைத் தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் அமைக்கிறார். ‘பிரிவோம் சந்திப்போம்’ பாபநாசத்தில் தொடங்கி அமெரிக்காவில் முடிகிறது. ‘கனவுத் தொழிற்சாலை’ சென்னைத் திரையுலகைப் பற்றியது. ஆயினும் பெங்களூர் அவருடைய மொழியில் செயல்பட்டது எனலாம். சென்னையின் உழைக்கும் மக்கள் வழக்கையோ ஒரு வட்டாரத்தின் வழக்கையோ பெரிதும் சாராமல், கல்வி கற்ற பல பகுதித் தமிழர் ஒன்றுகூடும் இடத்தில் இயல்பாக உருவாகும் பொதுப் பேச்சையே அவர் தம் உரையாடல்களுக்கு அடிப்படையாகக் கொண்டார். அலுவலகக் குடியிருப்புகள் அத்தகைய பேச்சு விளைந்த இடங்கள்.

நடையின் கூறுகள்

சார்லஸ் ஃபெர்குசன் 1959ஆம் ஆண்டில் விளக்கிய இரட்டை வழக்கு என்னும் கருத்தாக்கம் தமிழுக்கு நன்கு பொருந்துவது. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தமிழில் சொல்லளவில் மட்டுமன்றி ஒலியமைப்பிலும் உருபனியலிலும் வேறுபடுகின்றன. சுஜாதாவுக்கு முந்தைய நாவலாசிரியர் பலர் எடுத்துரைப்புக்கு எழுத்து வழக்கையும் உரையாடலுக்குப் பேச்சு வழக்கையும் வைத்து இரண்டையும் பிரித்தனர். சுஜாதாவும் இப்பிரிவினையை அடியோடு நீக்கவில்லை. அதன் எல்லையைத் தளர்த்தினார். அவருடைய எடுத்துரைப்பில் வினைமுற்று எழுத்து வழக்கில் நின்றாலும் தொடரின் நீளம், சொல் வரிசை, எழுவாய் விடுபடல் ஆகியன பேச்சை ஒத்தவை. பெயர்ச்சொல் மட்டுமே ஒரு தொடராக நிற்பதும், ஒற்றைச் சொல்லே ஒரு பத்தியாக அமைவதும் அவரிடம் மிகுதி.

அச்சு வடிவத்தையும் அவர் பொருள் உணர்த்தப் பயன்படுத்தினார். ஒரு பாத்திரம் படியிறங்குவதைக் கூறும்போது அவ்வினையின் எழுத்துகளையே படிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தமை பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. எழுத்து என்பது ஒலியின் குறி மட்டுமன்று, தாளின்மீது அமையும் வடிவமும் ஆகும் என்ற உணர்வு இதில் வெளிப்படுகிறது.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தாராளமாக வழங்கியதே அவர்மீது மிகுதியாகக் கூறப்பட்ட குறை. தனித்தமிழ் இயக்கம் நூறாண்டு வரலாறு உடைய ஒரு மொழியில் இக்குறையைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் இரண்டைப் பிரித்து நோக்குதல் வேண்டும். பாத்திரங்களின் பேச்சில் வரும் ஆங்கிலம், அவர்களின் கல்வியையும் வகுப்பையும் காட்டும் சமூகக் குறியீடு. அதை நீக்கினால் பாத்திரம் பொய்யாகும். அறிவியல் கட்டுரைகளில் வரும் கலைச்சொல் வேறு வகையானது. அங்கு ஏற்ற தமிழ்ச்சொல் கிடைத்தவிடத்து அதையும், கிடைக்காதவிடத்து ஒலிபெயர்ப்பையும் வைத்து, பொருளை எளிய தொடரால் விளக்குவது அவர் முறை. மூளையின் இயக்கத்தை விளக்கும் ‘தலைமைச் செயலகம்’ இம்முறைக்குத் தக்க சான்று. இப்பணிக்காக 1993ஆம் ஆண்டில் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் பரிமாற்றக் குழுவின் விருதைப் பெற்றார்.

எழுதப்படிக்கத் தெரியாதவரும் நகரும்

பொறியாளராக அவர் பங்குகொண்ட பணிகளுள் பெரிதும் அறியப்பட்டது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். இவ்வகை இயந்திரம் முதன்முதலில் 1982ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் பரூர்ச் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தமையால் 1988இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரமே பயன்பட்டது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தவருள் சுஜாதா ஒருவர். எழுத்தறியாதவரும் சின்னத்தைக் கண்டு பொத்தானை அழுத்தத்தக்க எளிமை அவ்வியந்திரத்தின் இன்றியமையாத தேவை.

எழுத்தறியாதவர் நகரின் அமைப்புகளுக்குள் நுழையும்போது நேர்வது என்ன என்னும் வினாவையே அவருடைய ‘நகரம்’ சிறுகதையும் எழுப்புகிறது. கதை மதுரை என்னும் ஊர்ப்பெயர் பல மொழிகளில் பெற்ற வடிவங்களைக் கூறும் கால்டுவெல்லின் குறிப்பு ஒன்றுடன் தொடங்குகிறது. அடுத்து, சுவர் விளம்பரங்கள் நிறைந்த இன்றைய மதுரை வருகிறது. சிற்றூரிலிருந்து நோயுற்ற மகளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துவரும் வள்ளியம்மாளுக்கு அவ்வெழுத்துகளுள் எதுவும் பயன்படவில்லை. மூளைக்காய்ச்சல் கண்ட சிறுமியைச் சுற்றி நின்று மருத்துவர் ஆங்கிலத்தில் பேசுகின்றனர். சேர்க்கைச் சீட்டை ஏந்தியவள் அறைக்கு அறை அனுப்பப்படுகிறாள். மறுநாள் வரும்படி கூறப்பட்டதும், வேண்டுதலையும் நாட்டு மருத்துவத்தையும் நம்பி மகளுடன் ஊர் திரும்புகிறாள்.

இக்கதையில் கொடியவர் எவருமில்லை. பெரிய மருத்துவர் சிறுமியைக் காக்கவே விரும்புகிறார். தாய்க்கும் மருத்துவமனைக்கும் இடையே மொழி ஒரு சுவராக நிற்பதே துன்பத்தின் காரணம். ஆங்கிலக் கலப்பை நகர வாழ்வின் பகட்டாக மட்டும் சுஜாதா கருதினார் என்னும் கூற்று இக்கதையின் முன் நில்லாது. அக்கலப்பு உயிரைப் பறிக்கக்கூடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

சுஜாதாவின் எளிய தொடர்கள் மொழிபெயர்க்க எளியவை போலத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. மூன்று சிக்கல்களை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, மொழிக்கலப்பு. ‘நகரம்’ கதையை ஆங்கிலத்தில் பெயர்த்தால் மருத்துவரின் மொழியும் தாயின் மொழியும் ஒன்றாகிவிடுகின்றன. கதையின் அடித்தளமான வேறுபாடு மறைகிறது. சாய்வெழுத்தாலோ கொச்சை ஆங்கிலத்தாலோ அதை ஈடுசெய்ய முயன்றால் தாயின் முழுமையான, பிழையற்ற பேச்சு குறையுடையதாகக் காட்சியளிக்கும். கன்னடத்திற்குப் பெயர்த்தால் இச்சிக்கல் எழுவதில்லை. கன்னட மருத்துவமனையிலும் அதே ஆங்கிலம் அதே இடத்தில் நிற்கிறது. உலகமொழி ஒன்றைவிட அண்டை மொழியில் ஒரு படைப்பு மிகுதியாகத் தப்பிப் பிழைக்கும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, மரியாதைச் சொற்கள். கணேஷ் வஸந்தை ஒருமையில் அழைக்கிறார். வஸந்த் கணேஷைப் பன்மையில் பேசி ‘பாஸ்’ என விளிக்கிறார். இவ்விளி ஆங்கிலச் சொல்லே ஆயினும், ஐயா என்பதன் தொலைவும் அண்ணா என்பதன் உரிமையும் ஒருங்கே கொண்டது. ஆங்கிலத்திற்கு அச்சொல்லைத் திருப்பித் தந்தால் முதலாளி என்னும் பொருளே மேலோங்கும். கன்னடத்தின் ஒருமை, பன்மை முன்னிலைப் பெயர்கள் இவ்வேறுபாட்டைக் காக்கவல்லவை.

மூன்றாவது, பால் காட்டும் வினைமுற்று. குற்றப் புனைவில் கொலை செய்தவர் ஆணா பெண்ணா என்பதை மறைக்க வேண்டிய தேவை அடிக்கடி எழும். தமிழில் எழுவாயை விட்டாலும் படர்க்கை ஒருமை வினைமுற்று பாலைக் காட்டிவிடும். எழுதுவோர் தொழிற்பெயரையோ அஃறிணை எழுவாயையோ நாட வேண்டும். ஆங்கிலத்தில் வினை பால் காட்டாது, பிரதிப்பெயர் காட்டும். ஆகவே மறைக்கும் இடமும் வெளிப்படுத்தும் இடமும் இரு மொழிகளிலும் வேறுபடும். மொழிபெயர்ப்பாளர் தொடரை மட்டுமன்றி, செய்தி வெளிப்படும் முறையையும் பெயர்க்க வேண்டியவராகிறார்.

மதிப்பீடு

வார இதழின் தேவை அவருடைய நாவல்களை வளர்த்தது, கட்டுப்படுத்தவும் செய்தது. ஒவ்வோர் இயலும் எதிர்பார்ப்பில் முடிய வேண்டியிருந்தமையால் பாத்திரங்களின் அகவளர்ச்சி பல நாவல்களில் சுருங்கிற்று. பெண்களை வருணிக்கும் முறையும், வஸந்தின் கேலிப் பேச்சும் இன்றைய வாசிப்பில் கேள்விக்குரியவை. இதழ்சார் எழுத்தின் வேறோர் இடர்ப்பாட்டையும் அவர் கண்டார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு குமுதத்தில் தொடங்கிய ‘கருப்பு சிவப்பு வெளுப்பு’ எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டது. பின்னர் ‘ரத்தம் ஒரே நிறம்’ என வேறு வடிவில் எழுதப்பட்டது.

பெங்களூரில் வாழும் பாவண்ணன் போன்றோர் வேறொரு வழியைத் தேர்ந்தனர். எஸ். எல். பைரப்பாவின் பர்வ நாவலைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்ற பாவண்ணன், அந்நகரைத் தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடையிலான பாலமாக்கினார். சுஜாதாவுக்கோ அந்நகர் தமிழைத் தொலைவிலிருந்து கேட்கும் இடமாக அமைந்தது.

முடிவுரை

நகரத் தமிழின் பேச்சுப் பண்பை எழுத்தின் தொடரமைப்புக்குள் கொணர்ந்தமை சுஜாதாவின் முதன்மையான பங்களிப்பு. அவருக்குப் பின் எழுதிய இதழாளரும் திரைக்கதை ஆசிரியரும் அந்நடையைப் பொதுச்சொத்தாகக் கொண்டமையால், அது ஒருவரால் ஆக்கப்பட்டது என்பதே மறக்கப்பட்டுவருகிறது. தொடராக வந்த பாடத்தையும் நூற்பாடத்தையும் ஒப்பிட்டு, கடன்சொற்கள் காலந்தோறும் மாறியமையை ஆராய்வது இனிச் செய்யத்தக்க பணி. அவருடைய சிறந்த படைப்புகளைக் கன்னடம் முதலிய திராவிட மொழிகளுக்கு நேரடியாகப் பெயர்ப்பதும், அவர் வாழ்ந்த நகரின் மொழிச் சூழலை அறிந்தோர் மேற்கொள்ள வேண்டிய கடமையாகும்.