சுவிட்ச் எந்த இடத்துல? பேச்சுக் கருவிகளின் கதை

செய்யூரிலிருந்து பேசுறேன். நேயர் ஒருத்தர் கேட்டிருந்தாங்க: "பையனுக்கு பெருமூளை வாதம். பேச்சு வரல, கையும் நிக்காது. எந்த டேப்லெட் வாங்கலாம்?" மாடல் பேரை மட்டும் சொல்லிட்டுப் போக முடியாத கேள்வி இது. கொஞ்சம் பின்னாடி போவோம்.

1960. இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத நோயாளிகளுக்கு ஆள் கூப்பிட ஒரு மணிதான் இருந்தது. அதைப் பார்த்த ரெக் மேலிங், வாயால ஊதியும் உறிஞ்சியும் இயக்குற கருவியைக் கொண்டு வந்தார். பேரு பாஸம். லத்தீன்ல "என்னால் முடியும்"னு அர்த்தம். எந்த அசைவு மிச்சமிருக்கோ அங்கிருந்து தொடங்கணும்ங்கிறது அப்பவே தெளிவாயிடுச்சு.

1985-ல ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு நிமோனியா வந்து, தொண்டையில துளை போட்டாங்க. இருந்த பேச்சும் போச்சு. அட்டையில சரியான எழுத்தை யாராவது காட்டும்போது புருவத்தைத் தூக்குவார். அவ்வளவுதான். பிறகு கலிபோர்னியாவிலிருந்து வால்ட் வோல்டோஸ் மென்பொருள் கொடுத்தார். அவருடைய நர்ஸ் ஒருத்தரோட கணவர் டேவிட் மேசன் அதை சக்கர நாற்காலியில பொருத்தினார். கை தளர்ந்ததும் கன்னத்துத் தசைக்கு மாறினாங்க. பல வருஷம் கழிச்சு இன்டெல் குழு வந்து, கண்ணசைவுக் கருவியை முயற்சி பண்ணுச்சு. இமை தொங்கினதால அது சரிவரல. கன்னமே போதும்னு ஆச்சு. அத்தனை நிபுணர்கள் இருந்தும், எது சரின்னு கடைசியா முடிவு பண்ணினது அவரோட உடம்புதான். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான்.

அதே 1985-ல சென்னையில பூனம் நடராஜன் தொடங்கின அமைப்புதான் இன்றைய வித்யாசாகர், கோட்டூர்புரத்துல. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல படிச்ச அஜித் நாராயணன், 'ஆவாஸ்' கருவியை உருவாக்கும்போது அங்கிருந்தவங்களோட சேர்ந்து வேலை செய்தார். தலையோ கையோ கொஞ்சம் அசைஞ்சா போதும்: திரையில படங்கள் ஒவ்வொண்ணா ஒளிரும், வேண்டியது வரும்போது சுவிட்சைத் தட்டினா கருவி பேசும். 2011-ல எம்.ஐ.டி. இதழின் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியல்ல அவர் பேரு வந்துச்சு.

ஆனா சுவிட்சை எங்க வைக்கிறது? முதல்ல உட்காருற நிலை. இடுப்பு சரியா அமைஞ்சு பாதம் ஊன்றினாத்தான் தலை நிக்கும். அதை பிசியோதெரபிஸ்ட் பார்க்கணும். எந்த அசைவு களைக்காம திரும்பத் திரும்ப வருதுன்னு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். எத்தனை படம், எந்த வரிசைன்னு பேச்சுப் பயிற்சியாளர். சாயங்காலம் நாலு மணிக்கு மேல தலை சாஞ்சிடும்ங்கிறது அம்மாவுக்குத்தான் தெரியும். தோசை, கந்தசாமி கோயில் தேர், "போர் அடிக்குது" இதெல்லாம் பட்டியல்ல வேணும்னு சொல்ல வேண்டியது பையன். நாற்காலியில கருவியைப் பிடிக்கிற கம்பியை நம்ம ஊர் வெல்டிங் பட்டறையிலேயே போட்டுடலாம். இதுல ஒருத்தரை விட்டாலும் கருவி அலமாரிக்குப் போயிடும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த மாதிரி மாற்று வழிகளையும் 'தொடர்பு'ன்னே ஏத்துக்குது. அதனால தயங்காம கேளுங்க.

செய்யூர்லேர்ந்து சென்னை போய்வர ஒரு நாள் போயிடும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி போன்ல சின்னச் சின்ன வீடியோ எடுத்து வைங்க: சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, அப்புறம் அவன் "வேணாம்"னு காட்டும்போது.