கணுவிடையே வாழிடம்: காக்காச்சி மலையின் மூங்கில் தவளை குறித்து

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வழியே மாஞ்சோலைக்கு ஏறும் மலைச்சாலை, தேயிலைச் சரிவுகளைக் கடந்து காக்காச்சிப் பக்கம் பசுமைமாறாக் காட்டுக்குள் நுழைகிறது. இம்மலைத்தொடரில் வாழும் ராவோர்செஸ்டெஸ் சலசோடெஸ் என்ற பச்சைநிறப் புதர்த்தவளையை விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் 1876இல் விவரித்தார். பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதைப் பற்றிப் பேச்சில்லை. தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு முன்னின்று நடத்திய தேடலில் அது மீண்டும் கிடைத்த செய்தி 2011இல் வெளியானது. இக்காடு 1988 முதல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக இருப்பதால் தவளைக்கு இனிக் கவலையில்லை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்தை ஏற்பதற்கில்லை.

காரணம் அதன் இனப்பெருக்க முறை. ஆய்வாளர்கள் சேஷாத்ரி, குருராஜா, பிக்ஃபோர்டு ஆகியோர் விளக்கியபடி, ஆண் தவளை நாணல் மூங்கிலின் (ஒக்லாண்ட்ரா) உள்ளீடற்ற கணுவிடைக்குள் ஒரு சிறு பிளவு வழியே உடலை நெருக்கிப் புகுகிறது. முட்டைகள் உட்சுவரில் ஒட்டியிருக்கும். தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்தே குட்டித் தவளை வருகிறது. தந்தை உள்ளேயே தங்கிக் காவல் காக்கிறது. அது இல்லாத கணுவிடைக்குள் வேற்று ஆண் நுழைந்தால் முட்டைகளைத் தின்றுவிடும் என்பதை 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஓடையையோ குளத்தையோ காப்பது என்ற வழக்கமான தவளைப் பாதுகாப்பு இங்கே பாதிக்குக்கூடப் பயன்படாது.

ஆக, இதன் வாழிடம் 'காடு' அல்ல. பிளவுள்ள, இன்னும் வெட்டப்படாத கணுவிடை. ஒரு மரமும் சாயாமலே, செயற்கைக்கோள் படத்தில் பச்சை குறையாமலே, இந்த வாழிடம் அழிந்துபோகலாம். மலைக்கு அப்பால் கேரளத்தில் வெள்ளூர்ச் செய்தித்தாள் காகித ஆலைக்கு நாணல் மூங்கில் மூலப்பொருளானது. அத்தகைய ஆலைத் தேவையையும், கூடை முடைய ஒரு கட்டு வெட்டுபவரின் தேவையையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. கணக்கு பார்க்க வேண்டியது எவ்வளவு வெட்டப்படுகிறது, எப்போது, எந்தத் தண்டு என்பதை. இனப்பெருக்கக் காலத்தில் வெட்டிய ஒரு தண்டில் முட்டையும் தந்தையும் சேர்ந்தே போகக்கூடும்.

நாணல் மூங்கில் ஒருசேரப் பூத்து ஒருசேரச் சாகும் இயல்புடையது என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரு தோப்பை மட்டும் வேலி கட்டிக் காத்தால், அது பூக்கும் ஆண்டில் தவளைக்குப் புகலிடம் இருக்காது. வெவ்வேறு வயதுடைய தோப்புகள் எட்டும் தொலைவில் தொடர்ந்திருக்க வேண்டும். இங்கேதான் மாஞ்சோலைத் தேயிலை நிலம் முக்கியமாகிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட அந்நிலம் காட்டை ஊடறுத்துக் கிடக்கிறது. குத்தகைக் காலம் 2028இல் முடிகிறது. பல தலைமுறையாக அங்கே உழைத்த குடும்பங்களின் வாழ்வாதாரம் தனிக் கேள்வி. தவளையின் பெயரால் அதை மழுப்பக் கூடாது. ஆனால் நிலத்தைப் பொறுத்தவரை, குத்தகை முடிந்து காட்டுக்குத் திரும்பும் ஹெக்டேர்களை அப்படியே வாழிடமாக எழுதிக்கொள்வது பொய்க்கணக்கு. கைவிட்ட தேயிலை தானே வளர்ந்து மரமாகும், களை மண்டும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் காடுதான். மீட்டெடுப்பை அளப்பதானால் ஓடைக்கரைகளில் நாணல் மூங்கில் எங்கெங்கே முளைத்திருக்கிறது, அதில் பிளவுள்ள தண்டுகள் எத்தனை, மாலையில் அவற்றுள்ளிருந்து ஆண் தவளையின் குரல் கேட்கிறதா என்று தண்டு தண்டாகப் பார்த்துப் பதிய வேண்டும்.