காசவளநாடு புதூரில் மொகரம்

தஞ்சாவூருக்கு அருகில் உள்ள காசவளநாடு புதூர் ஒரு வேளாண் கிராமம். ஊரில் பெரும்பான்மையோர் இந்துக்கள். ஆயினும் ஆண்டுதோறும் மொகரம் மாதத்தின் முதல் பத்து நாட்கள் ஊரே விரதம் இருக்கிறது. முடிவில் தீமிதி நடக்கிறது. வழிபடப்படுவது ஐந்து விரல்களையும் விரித்த ஓர் உள்ளங்கை வடிவம். ஊரார் அதை 'அல்லா சாமி' என்கிறார்கள்.

அந்தக் கைக்குப் பொதுப்பெயர் 'பஞ்சா'. பாரசீக மொழியில் 'பஞ்ச்' என்றால் ஐந்து. நபிகள் நாயகம், அவர் மகள் பாத்திமா, மருமகன் அலி, பேரர்கள் ஹசன், உசேன் ஆகிய ஐவரை விரல்கள் குறிக்கும். ஹிஜ்ரி 61ஆம் ஆண்டு மொகரம் 10ஆம் நாள், அதாவது கி.பி. 680 அக்டோபரில், இன்றைய ஈராக்கில் உள்ள கர்பலாவில் உசேனும் அவருடன் நின்ற சிறு கூட்டமும் கொல்லப்பட்டனர். அருகில் யூப்ரடீஸ் ஆறு ஓடியும் அவர்களுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது. ஆகவே ஷியா முஸ்லிம்களுக்கு இது துக்க நாள். "மொகரம் வாழ்த்துகள்" என்று கரும்பலகையில் எழுதிய மாணவர்களிடம் இதை ஒவ்வோர் ஆண்டும் நான் விளக்க வேண்டியிருந்தது.

ஈராக்கின் துக்கம் காவிரிக் கரைக்கு எப்படி வந்தது? வழி தக்காணம். கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாகி மன்னர்கள் ஷியாக்கள். முகமது குலி குதுப் ஷா 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐதராபாத்தில் கட்டிய பாதுஷாகி ஆஷூர்கானா இன்றும் இருக்கிறது. பிஜப்பூரிலும் மொகரம் அரசு ஆதரவு பெற்றிருந்தது. தஞ்சையைக் கைப்பற்றி மராட்டிய ஆட்சியை நிறுவிய ஏகோஜி, அந்தப் பிஜப்பூரின் படைத்தலைவராகத் தெற்கே வந்தவர்தான். அவர் வழிவந்த பிரதாப் சிங் (1739–1763) நாகூர் தர்காவில் 131 அடி உயர மினாராவைக் கட்டினார். புதூரார் தங்கள் வழக்கத்துக்குச் சொல்லும் வயது சுமார் 300 ஆண்டுகள். அது மராட்டியர் காலத்துக்குள் அடங்குகிறது.

தீயும் தக்காணத்துக்குப் புதிதல்ல. ஜாபர் ஷரீப் எழுதி, ஹெர்க்லாட்ஸ் மொழிபெயர்த்து 1832இல் வெளியான 'கானூன்-இ-இஸ்லாம்' நூல், பஞ்சா வைக்கும் இடத்தின் முன் 'அலாவா' என்னும் குழி வெட்டி நெருப்பு வளர்ப்பதை விவரிக்கிறது. டெல்டாவிலோ திரௌபதி அம்மன் தீமிதி முன்பே வேரூன்றியிருந்தது. இரண்டு நெருப்பும் ஒரே குழியில் சேர்ந்தன என்பது என் கருத்து.

புதூரில் இரவு முழுவதும் பஞ்சா வீடு வீடாகச் செல்கிறது. தூக்கி வருபவரின் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எலுமிச்சை மாலையும் பட்டுத் துண்டும் சாத்துகிறார்கள். புது மண்கலயத்தில் பானகம், அவல், தேங்காய், பழம் வைத்துப் பாத்தியா ஓதப்படுகிறது. பிறகு கையில் கிடைப்பது திருநீறு! கர்பலாவின் தாகத்தை நினைத்து முஸ்லிம்கள் சர்பத் வழங்குவார்கள். இங்கே அது, நம் அம்மன் கோயில்களில் தரும் அதே பானகம்.

சிவகங்கை மாவட்டம் முதுவன்திடலிலும் இதுபோல் உண்டு. அங்கே பாத்திமா நாச்சியார் ஊர்க்காவல் தெய்வம். பெண்கள் ஈரத்துணியால் தலையை மூடி அமர, கங்குகளை அள்ளித் தலைமேல் போடுவதைப் 'பூ மெழுகுதல்' என்கிறார்கள்.

மார்க்க அறிஞர்கள் பலர் பஞ்சாவையும் தீமிதியையும் ஏற்பதில்லை. ஆஷூரா நோன்பே போதும் என்பார்கள். அதற்கு அவர்களிடம் நியாயம் இருக்கிறது. செய்தித்தாள்களோ ஆண்டுதோறும் 'மத நல்லிணக்கம்' என்று தலைப்பிட்டு முடித்துவிடுகின்றன. தீயில் இறங்குபவர் யாருக்கும் நல்லிணக்கம் காட்ட இறங்குவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் நின்றதற்கோ, வயல் விளைந்ததற்கோ நேர்ந்த கடனைத் தீர்க்க இறங்குகிறார். மூன்று நூற்றாண்டுகளாக இந்த வழக்கத்தைக் காப்பாற்றியது அந்தக் கடன்தான்.

இன்னொரு விந்தை, நாட்காட்டி. ஆடி, தை என்று மாதம் மாறாமல் விழா எடுக்கும் ஊரில் இது மட்டும் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. 1992 ஜூலையில் வந்த ஆஷூரா எல்லாப் பருவங்களையும் சுற்றிவிட்டு 2023 ஜூலையில்தான் மறுபடி வந்தது. நடவு, அறுவடை, கோடை எதிலும் அது வந்து நிற்கும். வெளியூரில் வேலை பார்க்கும் புதூர்க்காரர் விடுப்பு எழுதிக் கொடுக்குமுன், மொகரம் பிறை தெரிந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.