தொட்டியா, தரையா? வாடகை வீட்டில் கறிவேப்பிலை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூரிலோ புனேவிலோ வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். நர்சரியில் வாங்கிய கறிவேப்பிலைச் செடி பால்கனியில் ஆறு மாதமாக அதே உயரத்தில் நிற்கிறது. ஊரில் அம்மா கண்டுகொள்ளாமல் விட்ட செடியோ மரமாகிவிட்டது. "நமக்குக் கைராசி இல்லை"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. பிரச்னை பெரும்பாலும் வேரில்தான்.

என்ன வித்தியாசம்?

தரையில் உள்ள செடி, தண்ணீரும் சத்தும் தேடி வேரை நீட்டிக்கொண்டே போகும். மேல்மண் காய்ந்தாலும் கீழே ஈரம் இருக்கும். தொட்டியில் அந்த வசதி கிடையாது. பக்கவாட்டிலும் வெயில் படுவதால் மண் சீக்கிரம் சூடாகி, காய்ந்துவிடும். ஊற்றும் தண்ணீரோடு சத்தும் கரைந்து அடித்துளை வழியாகப் போய்விடும். வேர்கள் தொட்டியின் சுவரில் முட்டி, வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் வளர்ச்சி மந்தமாகும்.

அப்படின்னா தொட்டி வேண்டாமா?

அப்படி இல்லை. வீடு மாறும்போது தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். டெல்லிக் குளிரில் கறிவேப்பிலை இலை உதிர்த்துத் துளிர்க்காமல் நிற்கும். தொட்டியில் இருந்தால் வெயில் விழும் மூலைக்கு நகர்த்தலாம். மழையில் தண்ணீர் தேங்கும் கரிசல் மண் உள்ள இடங்களிலும் தொட்டியே பாதுகாப்பு.

தொட்டியில் என்ன கவனிக்க வேண்டும்?

• வெறும் தோட்டமண் இறுகிவிடும். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்துகொள்ளுங்கள்.
• அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தவறான நம்பிக்கை. அடைபடாத துளை இருந்தாலே போதும்.
• விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.
• மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மண்ணை மாற்றி, சுற்றிய வேர்களை வெட்டிவிடுங்கள்.
• தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வது?

2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றத் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். கோடையில் தொட்டிச் செடிக்குத் தினமும் தண்ணீர் தேவைப்படலாம் என்பதால் இதை முன்பே யோசிக்க வேண்டும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் நல்லது. ஆனால் ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அதிகம். சின்னத் தொட்டியில் அது தங்கித் தங்கி வேரைப் பாதிக்கும்.

தரையில் வைக்க முடிந்தால்?

வீட்டு ஓனரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக் கன்றுகள் முளைத்துப் பரவும். அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். முதல் வருடம் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினால், வேர் பிடித்தபின் அடிக்கடி ஊற்றத் தேவையில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு மூன்று வருடத்தில் வீடு மாறுவீர்கள் என்றால் தொட்டிதான் சரி. அதற்குத் தண்ணீரும் உரமும் நீங்கள்தான் தர வேண்டும். சொந்த மண், நிலையான இடம் இருந்தால் தரையிலேயே வையுங்கள். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் அது தாங்கும், தொட்டிச் செடி தாங்காது.