இராவணன் கோட்டையில் இறங்கிய படப்பெட்டி

பதுளை மலைகளில் பெய்யும் மழை ஒரே வழியாகக் கடலை அடைவதில்லை. பதுளை ஓயா வடக்கு நோக்கி ஓடி மகாவலியிற் சேர்ந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. பண்டாரவளைப் பக்கத்து நீரோ எல்லவிலுள்ள இராவணன் நீர்வீழ்ச்சியையும், பூனாகலைத் தோட்டங்களுக்குக் கீழே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியையும் தன்னுட் கொண்டு, கிரிந்தி ஓயாவாகத் தெற்கே இறங்கி, கிரிந்தைக்கு அண்மையிற் கடலைத் தொடுகிறது. இலங்கையில் நீருக்கடியிற் படம் பிடிக்கும் கலை முதன்முதலில் பெரும் பயன் கண்ட இடங்கள் இரண்டு. ஒன்று கொட்டியாரக் குடாவை அடுத்த சுவாமிமலைப் பாறை. மற்றையது கிரிந்தைக்கு நேரே கடலில் நிற்கும் பாறைத்தொடர். ஊவாவின் இரு நீர்களும் சென்று சேரும் வாயில்களிலேயே இரண்டும் அமைந்தமை தற்செயலே. எனினும் மலைநாட்டு நேயர்கள் இந்த வரலாற்றைத் தமக்கு அயலானதென்று கருதவேண்டியதில்லை.

கடலடியைக் கண்டவர்கள் நம்மவரில் என்றும் இருந்தனர். மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர், கல்லைக் காலிற் கட்டி, மூச்சை அடக்கி, சிப்பிப் பாரிலே இறங்கினர். அவர்கள் கண்டதை மேலே இருந்தவர் நம்பலாம், அல்லது விடலாம், காட்டுவதற்கு வழியில்லை. 1893ஆம் ஆண்டளவில் லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, நீர் புகாத பெட்டிக்குள் படக்கருவியை வைத்து மத்தியதரைக் கடலில் இறக்கினார். 1914இல் வில்லியம்சன் என்பவர் பஹாமாத் தீவுகளில், கப்பலிலிருந்து தொங்கவிட்ட குழாயின் அடியிலிருந்த கண்ணாடி அறையில் அமர்ந்து அசையும் படம் எடுத்தார். ஆயினும் மனிதன் மீனைப்போல் நடமாடிப் படம் எடுக்க வேண்டுமாயின், காற்றைத் தன்னுடன் கொண்டு செல்ல வேண்டும். அந்த வசதியை 1943இல் குஸ்தோவும் கானியானும் உருவாக்கிய சுவாசக் கருவி தந்தது. குஸ்தோவின் 'மௌன உலகம்' 1956இல் கான் திரைப்பட விழாவின் உயர் பரிசைப் பெற்றது.

அதே 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு ஆங்கிலேயர் இலங்கைக்கு வந்தனர். ஒருவர் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்; மற்றையவர் மைக் வில்சன் என்ற சுழியோடி. அவுஸ்திரேலியாவின் பெரும் பவளப்பாரிலே முக்குளித்துப் பழகிய அனுபவம் இருவருக்கும் இருந்தது. இங்கே அவர்களுக்கு வழிகாட்டியவர் ரொட்னி ஜொங்க்லாஸ். விலங்கியல் கற்று, தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணியாற்றிய இவர், இலங்கைக் கடலைப் புத்தகத்தாலும் கண்ணாலும் ஒருங்கே அறிந்தவர். அயல்நாட்டார் பெயர்களே முன்னிற்கும் இவ்வரலாற்றில் இவருக்கு உரிய இடம் பல வேளைகளில் கொடுக்கப்படுவதில்லை. எந்தப் பருவத்தில் எந்தக் கரையில் நீர் தெளியும் என்பதை அறிந்தவர் உடன் இல்லாவிட்டால், மிகச் சிறந்த படப்பெட்டியும் வெறும் பச்சைக் கலக்கலையே பதிவு செய்யும்.

அவ்வாண்டிலேயே அவர்கள் திருகோணமலைச் சுவாமிமலைப் பாறையின் அடியில் இறங்கினர். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் செதுக்கிய தூண்கள் அங்கே கடற்பாசி மூடிக் கிடப்பதைக் கண்டனர். ஆலயம் கடலில் விழுந்தது என்பதைத் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். சொல்லாக மட்டும் இருந்தது இப்போது ஒளிப்படச் சான்றாகவும் ஆயிற்று.

அக்காலத்தில் இத்தகைய படம் எடுப்பது எவ்வளவு இடர்மிக்கது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பெரிதும் வழங்கிய 16 மில்லிமீற்றர்ப் படச்சுருள் 100 அடி நீளமானது. அது மூன்று நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். நீருக்கடியிற் பெட்டியைத் திறந்து வேறு சுருள் மாற்ற இயலாது. மேலே வந்து, கையையும் பெட்டியையும் நன்றாகத் துடைத்து, சுருளை மாற்றி, றப்பர் வளையத்தில் ஒரு மயிரிழையோ மணற் பருக்கையோ ஒட்டவில்லை என்று பார்த்து மூடி, மறுபடி இறங்க வேண்டும். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் வளிமண்டல அமுக்கம் ஒரு மடங்கு கூடுகிறது. அந்த அமுக்கம் மிகச் சிறிய இடுக்கையும் தேடிக் கண்டுபிடித்து நீரை உள்ளே தள்ளும்.

நிறமும் தூரமும் வேறு இடர்கள். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீற்றர் ஆழத்திலேயே அது மங்கிவிடும். ஆழம் கூடினால், பாறையிற் கீறிய கையிலிருந்து வடியும் குருதியும் பச்சையாகத் தோன்றும். ஒளி நீரிலிருந்து கண்ணாடிக்குள் புகும்போது வளைவதனால், பொருள்கள் இருக்கும் தூரத்தின் முக்காற் பங்கிலேயே இருப்பனபோலவும், மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும் தெரியும். ஆகவே அனுபவமற்றவன் தூரத்தில் நின்று எடுப்பான். இடையிலுள்ள நீரும் அதில் மிதக்கும் துகள்களுமே அவனுடைய படத்தில் மிஞ்சும். நெருங்கிச் செல், அகலக் கண்ணாடியைப் பயன்படுத்து, உடலை அசைக்காதே என்பனவே அக்கலையின் முதற் பாடங்கள். உடலை நீரில் நிலைநிறுத்தத் தெரியாதவன் கையிலுள்ள படம் நடுங்கியே தீரும்.

இவற்றையெல்லாம் கைவரப்பெற்ற வில்சன், 1961 மார்ச் மாதத்தில் கிரிந்தைக்குச் சென்றார். அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தூரத்தில் மகா இராவணன் கோட்டை என வழங்கும் பாறைத்தொடர் இருக்கிறது. போர்த்துக்கேயர் சொல்லிலிருந்து வந்த 'பாசஸ்' என்னும் பெயரால் ஆங்கிலேயர் அதை அழைத்தனர். கப்பல்களைப் பலி கொண்ட அவ்விடத்தில் 1873இல் ஒரு வெளிச்சவீடு கட்டி ஒளியேற்றினர். வடகீழ்ப் பருவக்காற்று அடங்கித் தென்மேற்குக் காற்று எழுமுன் வரும் சில வாரங்களே அங்கு கடல் இறங்க இடங்கொடுக்கும். ஆழம் மிகுதியன்று, அலையும் நீரோட்டமுமே பகை.

வில்சன் அங்கே போனது புதையல் தேடியன்று, படம் எடுக்கவே. பதின்மூன்று, பதினான்கு வயதுடைய அமெரிக்கச் சிறுவர் இருவர் அவருடன் முக்குளித்தனர். பாறைகளின் நடுவே அவர்கள் கண்டது உடைந்த கப்பலொன்றின் மிச்சம். சிறு வெண்கலப் பீரங்கிகளும், உப்புநீரிற் கட்டியாக இறுகிப்போன வெள்ளி நாணயங்களும் அங்கே கிடந்தன. அவை மொகலாயச் சக்கரவர்த்தி ஔரங்கசீப்பின் ரூபாய்கள். சூரத் நாணயச்சாலையில் ஹிஜ்ரி 1113இல், அதாவது கி.பி. 1702ஐ ஒட்டி அடிக்கப்பட்டவை. புழக்கத்திற்கு வராமலே மூழ்கியதால், கட்டிகளின் உள்ளே இருந்தவை அடித்த அன்றுபோல் ஒளிர்ந்தன.

கண்டுபிடிப்பு சில காலம் வெளியிடப்படவில்லை. 1962இல் கிளார்க் வாதநோய் போன்றதொரு கடும் நோயில் விழுந்தார். வில்சனோ அவ்வாண்டில் 'ரன் முத்து தூவ' படத்தை இயக்கி முடிப்பதில் ஆழ்ந்திருந்தார். காமினி பொன்சேகாவும் ஜோ அபேவிக்கிரமவும் நடித்த அது சிங்களத்தின் முதல் வண்ணத் திரைப்படம். திருகோணமலைக் கடலின் நிறங்களை, கடலையே காணாத எத்தனையோ பேர் கொட்டகையில் அமர்ந்து கண்டனர். 1963 ஏப்ரிலில், கிளார்க் முற்றாகத் தேறாத நிலையிலேயே, இராவணன் கோட்டைக்கு மறுபயணம் புறப்பட்டது. இம்முறை ஜொங்க்லாசுடன், துருக்கிக் கரையில் மூழ்கிய பழங்கலத்தை ஆராய்ந்த பீற்றர் துரொக்மோர்ட்டனும் சேர்ந்தார். மறு ஆண்டில் கிளார்க் இதனை ஒரு நூலாக எழுதினார்.

எனினும் அந்தக் கப்பலின் பெயர் இன்றுவரை உறுதியாகவில்லை. ஒரு பொருள் கடலடியில் எந்த மூலையில், எதனருகே, எந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது என்பதே அதன் கதையிற் பாதி. எடுத்து மேலே கொண்டுவந்த நாணயம் அரசன் பெயரைச் சொல்லும். கொண்டுவந்தவன் பெயரைச் சொல்லாது. அதனாலேதான், காலியை நிலையமாகக் கொண்ட இலங்கைக் கடல்சார் தொல்லியற் பிரிவினர், 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய 'அவொண்ட்ஸ்டர்' என்ற ஒல்லாந்தக் கப்பலை 2001 முதல் அகழ்ந்தபோது, அளந்தும் படமெடுத்தும் பதிந்த பின்னரே பொருள்களை எடுத்தனர். அவர்களுடைய ஆய்வுக்கூடத்தை 2004 டிசம்பர் ஆழிப்பேரலை அழித்தது. எஞ்சியவற்றுள் பதிவுகளின் பெறுமதி அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

இன்று உள்ளங்கையில் அடங்கும் கமராவே மணிக்கணக்கிற் காணொளி பதிகிறது. சுருள் மாற்றும் வேலை இல்லை. எனினும் நீர் மாறவில்லை. பதுளையிலோ பசறையிலோ இருந்து இக்கலையைத் தொடங்க விரும்பும் இளைஞர், முதலில் முறையான ஆசிரியரிடம் முக்குளிப்புக் கற்கவேண்டும். அதுவரை கமராவை வீட்டிலேயே விடலாம். பின்னர், கமரா இல்லாத வெறும் உறையை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, உள்ளே ஈரம் புகுகிறதா என்று பார்க்க வேண்டும். இச்சிறு சோதனையை அலட்சியஞ் செய்து கருவியை இழந்தவர் பலர். மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைப் பக்கமும், நவம்பர் முதல் ஏப்ரில் வரை தென்மேற்குக் கரையும் தெளிந்திருக்கும். மலையிலே பெருமழை பெய்த மறுநாள் ஆற்றுவாய்க்கு அருகே இறங்குவதாற் பயனில்லை. தோட்டத்துச் செம்மண்ணே அங்கு முன்னதாக வந்து சேர்ந்திருக்கும்.

வில்சன் பிற்காலத்தில் படத்தொழிலை விட்டுத் துறவு பூண்டார். சுவாமி சிவ கல்கி என்ற பெயருடன் கதிர்காமக் கந்தனின் அடியாராக வாழ்ந்து 1995இல் மறைந்தார். கதிர்காமம் ஊவா மாகாணத்தின் தென்கோடியில் இருக்கிறது. ஆடிவேலுக்குத் தோட்டங்களிலிருந்து செல்வோர் நீராடும் மாணிக்க கங்கையும் நமுனுகுல மலைப்பக்கத்தில் ஊற்றெடுத்து, யால வனத்தினூடே, அந்தப் பாறைகள் நிற்கும் அதே தென்கடலுக்குத்தான் போகிறது.